மூன்று மாத அவகாசம்

ஔலு நகரப் பதிவு அலுவலகத்தின் கடிதம்
ஃபிரிட்ஜ் கதவில், மீன் வடிவக் காந்தத்தின் கீழ்.
பெயருக்கான கட்டம் காலி.
மணிக்கட்டில் ஆஸ்பத்திரி கட்டிய பட்டை
'பையன்' என்பதோடு நிறுத்திக்கொண்டது.

தெய்ஜி சொன்னார்: ஸோத்தா.
அவர் ஊரில் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்களாம்.
எங்கள் மொழியில் அது போர்.
ரேடியோவில் தினம் ஏழு மணிக்குச் சொல்கிறார்களே,
அந்த வார்த்தை.
தொட்டிலைப் பார்த்து எப்படிச் சொல்வேன்,
வா போரே, பால் குடி என்று?

நான் சொன்னேன்: ஏரோ.
தொலைபேசியின் மறுமுனையில், ஒத்தாருவில்,
நாத்தனார் ஃபுமியே
முதலில் பேசவில்லை. பிறகு
கையிலிருந்த எதையோ கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
அர்த்தத்தை எனக்குச் சொல்ல
அறைக் கதவைச் சாத்தினார் தெய்ஜி,
கேட்க வேறு யாருமில்லாத வீட்டில்.

எஸா என்றால் அங்கே தூண்டில் இரை.
மிக்கா என்றால் அங்கே பெண்.
அக்கி மட்டும் இரண்டு பக்கமும் நின்றது.
ஆனால் அவருக்கு அது இலையுதிர்காலம்.
"வசந்தத்தில் வந்தவனைச் சருகே என்று கூப்பிடவா?"
ஜன்னலுக்கு வெளியே முழங்கால் ஆழப் பனி.
எது வசந்தம் என்று நான் கேட்கவில்லை.
அன்றைய சண்டை அப்படித்தான் தப்பியது.

கரி என் அண்ணனின் பெயர்.
துறைமுக அலுவலகத்தில் நான் பார்க்கும் வரைபடங்களில்
சின்னச் சிலுவைக் குறியாக இருக்கும்:
நீருக்கடியில் நின்று கப்பலின் வயிற்றைக் கிழிக்கும் பாறை.
ஜப்பானில் அதே ஒலி, கடன்.
அண்ணனுக்கு இரண்டுமே பொருந்தும்.
போன கோடையில் வாங்கிப்போன எண்ணூறு யூரோ
இன்னும் திரும்பவில்லை.

இரவு மூன்று மணிக்குப் பெயரில்லாத ஒருவன் அழுகிறான்.
எந்த மொழியில் என்று
டயபர் மாற்றும் வேளையில்
இருவருமே உரிமை கோரவில்லை.

தேடும்போது ஒன்று அகப்பட்டது: ஸுமு.
எனக்கு மூடுபனி, அவருக்குத் தெளிதல்.
ஒரே ஜன்னல் முன் நின்று
ஆளுக்கொரு முறை சொல்லிப் பார்த்தோம்.
பெயருக்கு ஆகாது.
எங்களுக்கென்று எடுத்துவைத்துக்கொண்டோம்.

மார்ச் கடைசியில் ஹைலுவோட்டோ தீவுக்கு,
அண்ணனிடம் குழந்தையைக் காட்ட.
உறைந்த கடலின் மேல் சாலை,
இருமருங்கும் குச்சிகள் நட்டு.
திரும்புகையில் வெயில்,
பனிக்கட்டியின் மேல் விரற்கடை நீர்.
வண்டிக்கு அடியில் ஏதோ முனகியது.
நான் கடலைப் படிப்பவள், பயமில்லை.
தெய்ஜியின் கை மட்டும்
பின்னிருக்கைக் கூடையின் பிடியை விடவே இல்லை.
சக்கரம் கரையேறிச் சரளையைக் கடித்தபோது
மூச்சோடு மூச்சாகச் சொன்னார்:
ரிக்கு.

பிரேக் போட்டேன்.
ரிக்கு லெஹ்தோசாரி!
மூன்றாம் வகுப்பில் என் சட்டைக் கழுத்துக்குள்
பனியைத் திணித்தவன், இன்று ஊரின் பல் வைத்தியன்.
"அவனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"எவனை? தரை வந்துவிட்டது என்றேன்."

தரை.
எங்கள் கரையில் அது இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது,
பனியுகத்தின் பாரம் இறங்கி எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆன பிறகும்,
வருஷத்துக்கு ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக.
நேற்றைய ஆழம் இன்று இல்லை;
வரைபடங்களைத் திருத்துவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

இன்னும் ஒரு 'க்' அழுத்திக் கடைசி எழுத்தை மாற்றினால்
எங்கள் மொழியில் அது 'உடைந்தது' என்றாகும்.
பள்ளிக்கூடத்தில் யாராவது கண்டுபிடிப்பான்.
கண்டுபிடிக்கட்டும்.

அன்றிரவு ஃபுமியேயிடம் சொன்னோம்.
மறுமுனையில் மௌனம்.
சிரிப்புக்காகக் காத்திருந்தோம்.
"பதினொரு கோடு," என்றாள்,
உள்ளங்கையில் எழுதி எண்ணி முடித்து.

கட்டத்தில் நான்கு எழுத்து எழுதினேன்.
பேனா பாதியில் மக்கர் செய்தது, உதறி எழுதினேன்.

வியாழக்கிழமை பல் அடைக்கப் போகவேண்டும்.
அவனிடம் சொல்லப்போவதில்லை.