மூன்றாம் விரல்

கொழுந்தைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தெரியும்.
மேலே எண்ணெய் சொட்டின மாதிரி ஒரு வட்டம்,
அடியில் வெள்ளை பூத்திருக்கும்.
கொப்புளம் என்று நான் சொன்னால்
அன்றைக்கே கங்காணி காதுக்குப் போகும்,
மறுநாள் மருந்துத் தாங்கியைச் சுமந்து
நாலு பேர் மலையேறுவார்கள்.
இருபத்தாறு வருஷமாய்
இலைக்கு வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறேன்.
என் கன்னத்தை மட்டும்
யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, சந்திரமலர்.
நானும்தான்.

தை மாதம் பெரட்டுக்களத்தில்
மடக்கு மேசை போட்டு ஒரு பல் டொக்டர்,
சிங்களப் பிள்ளை, நெற்றியில் விளக்கு.
"வாய் பெருசா. இன்னும் பெருசா."
அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான்.
ஆடுகிற கடைவாய்ப் பல்லைச்
சும்மா பிடுங்குகிறார்கள் என்று போனவள் நான்.
அவள் பல்லைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.
துணியால் நாக்கைப் பிடித்து இழுத்தாள்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாக்கின் அடி.
பிறகு இடது கன்னத்தை உள்ளிருந்து புரட்டினாள்,
நாம் இலையைப் புரட்டுகிற அதே விரல்வாகு.
அங்கேயே நின்றுவிட்டாள்.

வலிக்குதா?
இல்லை.
சம்பல் எரியுதா?

ஐப்பசி முழுக்க மிளகாய் கூடிப்போச்சென்று
மருமகளைத் திட்டித் தீர்த்தேனே,
அது அவள் கைக்குற்றமில்லை.

விடியற்காலைப் பனியில் நான்
வெற்றிலைச் சுருளை அடக்குவது அதே இடத்தில்தான்.
புகையிலை இருந்தால் குளிர் கொஞ்சம் தள்ளி நிற்கும்,
பசி பன்னிரண்டு மணிவரை வாசலில் காத்திருக்கும்,
மிஞ்சின சுண்ணாம்பு அட்டைக்கு.
உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?
என் பொட்டலத்தில் பாதி நீ தந்தது.

பேராதனைக்கு இரண்டு தரம் போனேன்.
இரண்டு நாள் பேர் போனது.
அரிசியளவு சதை வெட்டி, ஒரு தையல்,
போத்தலில் என் பெயரைப் பிழையாய் எழுதினார்கள்.
முடிவைக் கடிதத்தில் அனுப்பாதீங்க மிஸ் என்றேன்,
எங்கள் கடிதம் கந்தோர் மேசையில் கிடந்து
பழுத்துத்தான் லயத்துக்கு வரும்.
மகனின் போனுக்கு எடுத்தாள்.
இன்னும் புற்றுநோய் இல்லையாம்.
"ஆனா அது போற பாதை.
பாதியில புடிச்சாச்சு."
இந்தத் தமிழை யாரிடம் கேட்டுப் பாடமாக்கினாளோ.

ஆறாம் லயத்து மாசிலாமணியை நினைத்துக்கொண்டேன்.
வாயோரத்துப் புண்ணைத் துவாயால் மூடி
ஒன்றரை வருஷம் கொழுந்து நிறுத்தான் மனுசன்.
கழுத்தில் கட்டி எழும்பின பிறகுதான் மகரகம.
அதற்குப் பின்னால் கஞ்சி, அதுவும் குழாயில்.
வலிக்கலையே, வலிக்கலையே என்பானாம் முதலில்.
வலிக்காததுதான் அதன் சூது.

என் வெள்ளையை வெட்டி எடுத்துவிட்டார்கள்.
மூன்று மாதத்துக்கு ஒருதரம் போய் வாயைக் காட்ட வேண்டும்.
இலைக்கு ஏழு நாளில் ரவுண்டு வருகிறது,
எனக்கு மூன்று மாதத்தில்.
பரவாயில்லை, வருகிறதே.
புகையிலையை விட்ட கிழமை
கை நடுங்கிக் கட்டைக் கொழுந்தெல்லாம் பறித்தேன்,
யாரிடம் எரிந்து விழுந்தேன் என்று உனக்குத் தெரியும்.
இன்னும் மூக்கு அதைத் தேடுகிறது.

சரி, தேத்தண்ணியைக் கீழே வை.
கண்ணாடியை நான் பிடிக்கிறேன்,
சவுக்கு நிழலை விட்டு இப்படி வெளியே வா.
மூன்று விரலைச் சேர்த்து
நெட்டுக்குத்தாய் வாய்க்குள் வை.

இரண்டு போகிறது.

விரல் தடிப்பு என்கிறாய்.
கவ்வாத்துக் கத்தி பிடித்த கை என்கிறாய்.
இந்த மாதம் பேர் குறைந்தால்
நகைக்கடை வட்டியை யார் கட்டுவது என்கிறாய்.
நியாயம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.
புதன்கிழமை கிளினிக்,
ஐந்தே முக்காலுக்கு முதல் பஸ்,
நானும் வருகிறேன், எனக்கும் பேர் போகட்டும்.

மேலே கங்காணி கூப்பிடுகிறான்.
கூப்பிடட்டும்.
சிரிக்காதே, இன்னொருதரம் திற,
வெயில் மாறுவதற்குள்.