கேள்வி எண் பதினேழு

புதுவயல் ஆலைக் களத்தில்
உமி பறந்து படிவத்தின் மேல் உட்காருகிறது.
ஊதிவிட்டுக் கேட்கிறேன்:
ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்?

ரெண்டு, என்கிறாள் செம்பாயி.
அவித்த நெல்லைக் காலால் கோதிக்கொண்டே,
நிற்காமல்.

இந்த வெயிலிலா?

கக்கூஸ் சாவி மேனேஜர் டிராயர்ல இருக்கு.
போய்க் கேக்கணும்.
கடிகாரத்த ஒருக்கா பாப்பாரு,
என்னைய ஒருக்கா பாப்பாரு.

பதினேழுக்கு நேரே இரண்டு என்று எழுதினேன்.
அடுத்த வாரம் ரத்த முடிவு வந்தது:
கிரியாட்டினின் ஒன்று புள்ளி எட்டு.
சர்க்கரை இல்லை, புகையிலை இல்லை,
வம்சத்தில் யாருக்கும் சிறுநீரகக் கோளாறு இல்லை.
ஆபத்துக் காரணிகளின் கீழே
பதினோரு கட்டங்கள்.
சாவிக்குக் கட்டமில்லை.

ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன்.

காரைக்குடியில் கணினியில் ஏற்றும் பையன்
போன் செய்தான்:
அக்கா, நாப்பத்தொரு படிவத்துல
ஓரத்துல ஒரே வார்த்தை கிடக்கு.
அழிச்சிரவா?

நானும் காலையிலிருந்து
தண்ணீர் குடிக்காமல்தான் களத்தில் நின்றிருக்கிறேன்.
அப்போதுதான் உறைத்தது.

அழிக்காதே தம்பி,
அதுக்கொரு நம்பர் போடு.