குறிப்புக் கட்டம்

வட்டக்கானல் சரிவில், பம்ப் அறைப் பதிவேட்டில்
ஐந்து கட்டங்கள்:
நேரம், தொட்டி மட்டம், மோட்டார் ஓடிய மணி,
மின்தடை, குறிப்பு.
குறிப்பில் பதினொரு வருஷமாக நான் எழுதியது
'இல்லை.'

ஏப்ரல் பதினேழு அன்று எழுதினேன்:
'வால்வுக்கு மேலே கல்லிடுக்கில் கூடு. முட்டை இரண்டு.'

அதற்குமுன் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன்.
பார்த்திருக்கிறேன், எலி என்று நினைத்து.
நண்பகலிலும் டார்ச் கேட்கும் சோலைத் தரையில்
நீளக் கால்களால் மூன்று தத்தல், ஒரு நிற்றல்,
சருகைப் புரட்டு, புழுவை இழு,
மறுபடி இருட்டு.
கருநீல ஸ்வெட்டருக்குக் கீழே வெள்ளை வேட்டி கட்டி
டீக்கடைக்குப் போகும் எங்களூர் ஆள் மாதிரி
வயிறு மட்டும் வெளுப்பு.
லைன்மேன் சவரிமுத்துதான் பெயர் சொன்னான்:
சோலைச்சிட்டான்.

பாசி, வேர்நார், உள்ளே மயிர்போல் மெல்லிய இழை.
முட்டைகள் மங்கிய பச்சை,
அகன்ற முனையில் டீக்கறை.
ஒன்று மட்டும்தான் அடைகாத்தது, பெட்டையாக இருக்கும்;
இரண்டுக்கும் ஒரே சட்டை, எனக்குப் பிரித்துத் தெரியாது.

வால்வு திறக்கப் பதினான்கு சுற்று.
ஒன்பதாவது சுற்றில் கிறீச்சிடும்,
அது எழுந்து ஓடும்.
'கிரீஸ் நூறு கிராம், சத்தம் காரணமாக' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

பொய், மே மாதம் எழுதியது.
ஐந்து இருபதுக்கு மோட்டார் போடவேண்டும்,
ஐந்து இருபதுக்குத்தான் ஆண் பாடும்:
மெல்ல ஒரு சீழ்க்கை, ஏறி, இறங்கி,
கடைசியில் பல்லிடுக்கில் காற்று விட்டதுபோல் ஒரு சொல்.
மோட்டார் உறுமினால் பாதியில் நிறுத்திவிடும்.
அன்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொட்டேன்.
'மின்தடை, ஏழு நிமிடம்.'
சீசன் நேரம். லாட்ஜுகளில் குழாய் இருமியதாம்.

உதவிப் பொறியாளர் பிரிசில்லா மேடம் ஜீப்பில் வந்தார்.
"ஈ.பி.யில் கேட்டேன். கரண்ட் போகவே இல்லை."
நான் கல்லிடுக்கைக் காட்டினேன்.
அது வெளியே வந்து, உடம்பை உதறி உதறி,
எங்கள் இருவரையும் கரகரவென்று திட்டியது.
மேடம் நெடுநேரம் நின்றார்.
சிவப்பு மையில் என் வரியை அடித்துவிட்டு எழுதினார்:
'ஏழு நிமிடம். காரணம் ஆய்வில் உள்ளது.'

ஒரு முட்டை எப்போது போனதென்று தெரியாது.
மற்றது பொரிந்தது பதினாறாம் நாள்.
வாய் மட்டுமே இருந்த ஒரு குஞ்சு,
மாறி மாறி இரண்டும் ஊட்டின.

மன்னவனூரில் என் மாமியார் வீட்டுக்குப் பின்னாலும்
ஒரு துண்டுச் சோலை உண்டு.
அதே பறவை, அதே ஏற்றம், அதே இறக்கம்,
கடைசிச் சொல் வேறு.
நடுவில் சீகை மரம், பைன், பூண்டு வயல், தார்ச்சாலை.
நான் பஸ்ஸில் ரெண்டு எலுமிச்சம்பழத்தோடு கடக்கிற தூரம்.
இது, நான் பார்த்தவரை,
பம்ப் அறை முற்றத்தின் வெயிலைக்கூடக் கடந்ததில்லை,
ஓரத்து நிழலைச் சுற்றிக்கொண்டு போகும்.

குஞ்சு பழுப்புப் புள்ளிகளோடு இறங்கிப்போனது
மே பதினேழில். அன்று மழை,
பதிவேடு நனைந்து மை ஊறிவிட்டது.

இன்று ஜனவரி. புல்லெல்லாம் உறைபனி.
நேரம் ஐந்து இருபது. தொட்டி மட்டம் ஆறடி.
குறிப்பு: ஓடைக்கு அந்தப்புறம் புதிதாக ஒன்று.
ஏற்றம் சரி, இறக்கம் சரி,
கடைசிச் சொல்லில் தடுக்குகிறது.
மறுபடி ஆரம்பிக்கிறது.
கை சுவிட்சில்.