எழுபத்திரண்டு

தையல் மிஷினுக்குள் சுழலுமே,
அந்த வட்டப் பாபின் இல்லை இது.
விரல் நீள மரக்குச்சி.
நடுவில் இடுப்பு, தலையில் நூல்.
உருளைத் தலையணையிலிருந்து எழுபத்திரண்டு தொங்கும்.
சோடி போட்டால் முப்பத்தாறு.
எத்தனை தொங்கினால் என்ன,
லேஸ் பின்னும் கையில் எப்போதும் நான்குதான்.
மீதி அறுபத்தெட்டும் சும்மா இருக்கும்
என்று நினைத்துவிடாதீர்கள்.
முகத்தை அப்பாவியாய் வைத்துக்கொண்டு
ஒன்றன் காலில் ஒன்று நுழையும்.

பகலில் மருந்துக்கடை எனக்கு.
அகரவரிசையில் இழுப்பறைகள்.
கேட்ட மாத்திரையைக் கண்ணை மூடி எடுப்பேன்.
இரவில் லாக்விலாவின் ஒரு இரண்டாம் மாடியில்
எந்த நூல் எதன் சோடி என்று
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடுவேன்.

முதல் நடுக்கத்தைச் சொன்னவை அவைதான்.
விளக்கு ஆடவில்லை.
காப்பியில் வட்டம் எழவில்லை.
தொங்கிய மரமெல்லாம்
குளிரில் நின்றவர் பல்லாய்த்
தந்தியடித்தன.
மறுநாள் படிக்கட்டில்
மேல்வீட்டுக் கொன்செட்சியோ சொன்னார்:
"நான்தான், நாற்காலி நகர்த்தினேன்."
நம்பினேன்.
நம்புவது வசதியாக இருந்தது.

அப்புறம் வாரம் மூன்று தடவை
அவர் நாற்காலி நகர்ந்தது.

கதவருகே பை வை, டார்ச் வை,
செருப்பைக் கட்டிலடியில் வை என்று
ஊரே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது
நான் பாபின்களுக்குக் கடிவாளம் போட்டேன்.
வலப்பக்கம் காத்திருப்பவற்றை
எட்டெட்டாய்ப் போர்வை ஊக்கில் கோத்து,
இடப்பக்கத்துக்கு
பெரார்தோ விட்டுப்போன காலுறையின்
மேல்பட்டையை வெட்டி மாட்டி
(அந்த மனிதரால் ஆன ஒரே உபயோகம்),
குறுக்கே ஓடும் சோடியின் கழுத்தில்
சிவப்பு நூல் ஒரு சுற்று,
எல்லாவற்றின் மேலும் துணி,
துணியின் நான்கு மூலையிலும் குண்டூசி.
பிறகுதான் பல் தேய்ப்பேன்.

அந்த இரவு வந்தபோது
அவை சத்தமே போடவில்லை.
கட்டியிருந்தேன் அல்லவா.
சுவர்தான் முதலில் பேசியது.

தெருவில் நின்று குனிந்து பார்த்தால்
இரண்டு காலிலும் இடது செருப்பு.

நீலக் கூடாரங்கள். சூப்புக்கு ஒரு வரிசை,
குளிக்க ஒரு வரிசை,
பெயர் எழுத ஒரு வரிசை.
சூப்பு வரிசையில் எனக்குப் பின்னால் கொன்செட்சியோ,
யாருடையதோ பச்சைக் கோட்டில்.
"அன்றைக்கு" என்றார்,
"நான் நாற்காலி எதையும் நகர்த்தவில்லை."
"தெரியும்" என்றேன்.
தெரியாது. ஆனாலும் சொன்னேன்.
ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்தார்.

மூன்றாம் வாரம், வீட்டுக்கு ஒரு பொருள் என்று
ஏணியில் ஏறினார்கள் தீயணைப்பு ஆட்கள்.
பெர்கமோக்காரப் பையன், ஒரெஸ்தே என்று பெயர்.
"நகைப்பெட்டியா, பத்திரமா?" என்று கேட்டான்.
"ஜன்னலோரம் ஒரு தலையணை" என்றேன்.
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான்.
இறங்கும்போது
மாவு மூட்டை சுமப்பதுபோல்
தலைகீழாய்த் தோளில் போட்டு வந்தான்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கூடாரத்தில் குண்டூசிகளை உருவினேன்.
துணி முழுக்கச் சுண்ணாம்புத் தூள்.
ஊக்கைத் திறந்தேன்.
காலுறைப் பட்டையைக் கழற்றினேன்.
எண்ணினேன்.
எழுபத்திரண்டும்.
ஒன்றுகூட ஒன்றைத் தாண்டவில்லை.
சிவப்பு நூல் போட்ட சோடி
நிறுத்திய குண்டூசியிலேயே நின்றது.
நடு நான்கையும் கையில் எடுத்தேன்.

அடுத்தது குறுக்கா, முறுக்கா?
நூலைப் பார்த்தாலே தெரியவேண்டும்.
தெரியவில்லை.
வரிசை அப்படியே இருக்கிறது,
வரிசைக்குள் நான் நின்ற இடம்தான் இல்லை.
விரல்கள் காற்றில் நின்றன,
பெயர் மறந்த மாத்திரையைத் தேடும்
வாடிக்கையாளர்போல.

அப்போது தரை ஒருமுறை சிலிர்த்தது.
கயிறுகள் முனகின.
அவிழ்த்துவிட்ட அறுபத்தெட்டும்
கிடுகிடுவென்று பேசத் தொடங்கின.
யாரோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்து,
ஏனோ நிறுத்தியது.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில்,
அசையாமல்,
இரு கைப்பிடிகளையும் இறுக்கிக்கொண்டு
கொன்செட்சியோ சொன்னார்:
"நான்தான்."