இருபத்தாறாவது கிலோ

தமிழ்நாடு எங்கே முடிகிறது என்று
யாராவது கேட்டால்
எங்கள் பங்கின் வரிசையைக் காட்டுவேன்.
காலை ஏழு மணிக்கே
கே.எல். நம்பர் பைக்குகள்
மூக்கோடு மூக்கு உரசி நிற்கும்,
களியக்காவிளைப் பாலம்போல நீளமாய்.
லிட்டருக்கு ஆறு ரூபாய் குறைவு.
அந்த ஆறு ரூபாய்தான் எல்லைக்கல்.

பாறசாலை சோமராஜன் அண்ணன்
ஆட்டோவில் வருவார்.
"இருநூறுக்கு அடி மோளே."
இருநூறுக்கு இரண்டு லிட்டர்கூட வராது.
லாபம் பதினொன்றோ பன்னிரண்டோ.
வந்துபோகும் வழியிலேயே பாதி எரிந்துவிடும்,
சொல்லியும் பார்த்தேன்.
"அறியாம். ஆனா எரிஞ்சாலும்
என் வண்டியிலல்லோ எரியுது."

நான் கட்டிப்போனது அந்தப் பக்கம், இஞ்சிவிளை.
ஷிப்ட் முடிந்ததும் நடந்தே போய்விடுவேன்.
பகலெல்லாம் மலிவை அளந்து ஊற்றுகிறேன்,
எனக்கென்று ஊற்றிக்கொள்ள
ஒரு டேங்க் இல்லை.

டேங்க் இல்லாதவர்களுக்கு எல்லையும் இல்லை.
சோப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே விலை.
பில்லை ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்,
மங்கிய மையில் இரண்டு வரி,
மத்திக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி,
பைசா பிசகாமல் சமபங்கு.
நுரை மட்டும் எனக்கு.
உப்புக்கு வரியில்லை.
அதைப் போட்டு வைக்கிற ஜாடிக்கு உண்டு.

அரிசிக் கதை வேறு.
ஞானதாஸ் கடையில்தான் விளக்கினார்கள்:
லேபிள் ஒட்டிக் கட்டிய பை
இருபத்தைந்து கிலோ வரைக்கும் என்றால் வரி,
ஒரு கிலோ கூடினால் இல்லை.
கொஞ்சமாய் வாங்குகிறவள் கட்ட வேண்டும்,
மூட்டையாய் வாங்குகிறவருக்கு விலக்கு.
யார் யோசித்திருப்பார்கள் இதை,
அவர் வீட்டில் அரிசி
எதில் வாங்குவார்கள்?

அதனால் ஐந்து வீடு சேர்ந்தோம்.
நான், லில்லிபாய், டெய்லர் ஓமனா,
அசரியா அண்ணன் வீடு,
பெயர் சொல்ல வேண்டாம் என்ற இன்னொருத்தி.
இருபத்தாறு கிலோ மூட்டை, ஆயிரத்து முந்நூறு.
மிச்சமாகும் வரி அறுபத்தைந்து.
வீட்டுக்கு ஐந்து கிலோ,
மீதி ஒரு கிலோ.

அந்த ஒரு கிலோவால்தான் சண்டை வந்தது.
முதல் மாதம் ஓமனாவுக்கு, தராசு அவளுடையது.
அடுத்த மாதம் விருந்தாள் வருகிறார்கள் என்று
லில்லிபாய் எடுத்துப்போனாள்.
விருந்தாளை யாரும் பார்க்கவில்லை.
மூன்றாம் மாதம் அசரியா அண்ணன்
ஒரு கிலோவை ஐந்தாய்ப் பங்கிட
டம்ளர் கொண்டுவந்தார்.
டம்ளர் சரியில்லை என்று அதிலும் பேச்சு.
வரிக்குப் பயந்து பிறந்த கிலோ,
எங்களையே வரிசையில் நிறுத்திவிட்டது.

போன சனிக்கிழமை மழை.
மூட்டை நனையும் என்று
சோமராஜன் அண்ணனை வழிமறித்தேன்.
எங்கள் பங்கில் அடித்த பெட்ரோலில்
எங்கள் அரிசி எல்லை தாண்டியது.
கூலி வேண்டாம் என்றார், போகவும் இல்லை,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.
ஓமனாதான் முதலில்
அந்த ஒரு கிலோவைத் தராசில் வைத்தாள்.
லில்லிபாய் முள்ளைக் குனிந்து பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி கணக்குப் போட்டேன்.
அறுபத்தைந்தில் அரிசி ஐம்பது போக
மீதி பதினைந்து,
ஆளுக்கு மூன்று ரூபாய்.
மூன்று ரூபாயில் ஒரு தீப்பெட்டி வாங்கலாம்,
அந்தப் பெட்டிக்கும் வரி சேர்த்துத்தான் விலை.
அடுப்பு அணைந்திருந்தது.
இந்த மாதம் ஐந்து கிலோ
சரியாக ஐந்துதானா என்று
ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது.