பதினான்காம் கூற்று

மொழியை அதன் தாய்மொழிக்காரரிடமே கற்க வேண்டும்.
இது முதல் கூற்று.
முழுமையாக ஏற்கிறேன் என்று டிக் அடித்தேன்.
மேலப்பாளையத்து பீர் பாத்திமா
என் தாளை எட்டிப் பார்த்து
அவளும் அடித்தாள்.
பதினாலு: பிழையை அந்த நொடியே திருத்த வேண்டும்.
இதற்கு இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பாளையங்கோட்டையில், பி.எட். கல்லூரிக் கணினி அறையில்
நாங்கள் பதினொரு பேர்,
பாட்டுக் கேட்கிற நிலையில் ஹெட்போன் நாலு.
புதன்கிழமை சாயங்காலம் ஆறரை.
அங்கே மதியம் இரண்டு, ஜன்னலில் பனி.
கிங்கா. ஊர் ரேஷுவ், போலந்து.
எழுத்தில் பார்த்தால் அந்த ஊர் வாய்க்குள் நுழையாது.
அவளும் அடுத்த வருஷம் டீச்சர்.
அவளுக்கும் ஆங்கிலம் இரவல் சட்டைதான்;
எனக்குத் தோளில் தொங்கும்,
அவளுக்குக் கை பத்தாது.
முதல் கூற்று அன்றைக்கே முடிந்தது.

பிரம்மசக்தி என்ற என் பெயரைப்
பாதியில் இறக்கிவிட்டாள்,
ஜங்ஷன் போகிறவளை வண்ணாரப்பேட்டையில்
இறக்கிவிடும் பஸ் மாதிரி.
சரி, நடந்துக்கிடலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம்,
'வீ ஹேவ் டாக் அட் ஹோம்' என்றாள்.
'அ டாக்' என்றேன்,
கொசு அடிக்கிற வேகத்தில்.
தலையாட்டினாள். 'அ டாக்' என்று
ஒழுங்காகத் திருப்பிச் சொன்னாள்.
நேற்று ராத்திரி செத்துப்போயிற்று என்பதை
அடுத்த வாக்கியத்தில் சொன்னாள்.
அதில் பிழையே இல்லை.

அவள் மொழியிலும் நாய்க்கு முன்னால்
ஒன்றும் வைப்பதில்லையாம்.
எங்களுக்கும்தான்.
வீட்டில் நாய் கிடக்கு என்றால் கிடக்கு.
ஒரு நாயா என்று யார் கேட்டது?

ஸாரி சொல்ல வாயைத் திறக்கையில்
அவள் முகம் அப்படியே நின்றது,
ஒரு கண் பாதி மூடி.
'நெட் போயிட்டும்மா' என்றார் லேப் அண்ணன்.
அடுத்த புதன், பருவநிலை பற்றிப் பேச வேண்டும்.
பேசினோம்.

பயிற்சிக்கு முக்கூடலில் போட்டார்கள்.
ஒன்பதாம் வகுப்பு, மூன்றாம் பெஞ்ச், சுடலைக்கண்ணு:
'மை ஃபாதர் கோ திருப்பூர், மிஸ்.'
'வென்ட்' என் பல்வரைக்கும் வந்தது.
கடைசி பெஞ்சில் என் பேராசிரியை எமல்டா மேடம்
பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.
'எப்பம்ல?' என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் டெஸ்க்கைச் சுரண்டினான்.
'ஜூன்ல. இன்னும் வரல.'
மேடம் ஏதோ எழுதினார்.

வருஷக் கடைசியில் அதே தாள் மறுபடி வந்தது.
பதினாலை வெறுமனே விட்டுக் கொடுத்தேன்.
முழுமையடையாத படிவம் கணக்கில் சேராது என்று
சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது.
'எதையாவது போடு பிள்ள' என்றாள் பாத்திமா.

வென்ட் என்று
அன்றைக்குப் போர்டில் எழுதவில்லை.
வியாழக்கிழமை எழுதினேன்,
வேறொரு வாக்கியத்தில்.