மறுப்புமானி

பகலெல்லாம் இனிப்பை அளக்கிறேன்.
கண்ணாடி மீது ஒரு துளி பெங்களூரா கூழ்,
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்
பதினைந்து பிரிக்ஸ், பதினாறு,
சில லாரிகளுக்குப் பதின்மூன்றரை.
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து:
மு. பாக்யரேகா, தரக்கட்டுப்பாடு, பகல் ஷிப்ட்.

இரவில், காவேரிப்பட்டணத்து மாடியறையில்,
மறுப்பை அளக்கிறேன்.
கடையில் கேட்டால் இம்பிடன்ஸ்,
பாடப்புத்தகத்தில் மின்மறுப்பு.
பெயர் வைத்தவர்
பெண் கேட்டுப் போய்த் திரும்பியவராக இருக்கும்.

தடை வேறு, மறுப்பு வேறு.
தடை எப்போதும் ஒரே மாதிரி நிற்கும்,
வன இலாகா செக்போஸ்ட் போல.
மறுப்பு அப்படியில்லை,
எந்த வேகத்தில் கேட்கிறாய் என்று பார்த்துவிட்டுத்தான்
எவ்வளவு என்று முடிவு செய்யும்.

பெட்டிக்கு, கம்பெனியில் கழித்த டின் ஒன்று,
விளிம்பு நசுங்கியது.
உள்ளே பூசிய லாக்கரை
உப்புத்தாளால் தேய்த்தால்தான் ஈயம் ஒட்டும்.
தேய்க்கத் தேய்க்க மாம்பழ வாசனை.
அந்த டின்னில் பழம் விழுந்ததே இல்லை.
என் விரலில் இருந்துதான் வந்திருக்கும்.

நூறு ஓம் ரெசிஸ்டர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து
ஐம்பது, ஐம்பது, ஐம்பது.
பாலத்தின் நான்காவது கை காலி,
அளக்க வேண்டியது அங்கே வந்து உட்காரும்.
ஜெர்மானியம் டையோடு இருபது வாங்கி
ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் வைத்து
ஜோடிப் பொருத்தம் பார்த்ததில்
தேறியது இரண்டே இரண்டு.
முள், யாரோ எடைக்குப் போட்ட டேப் ரிக்கார்டரில் இருந்தது.
கால்களை ஒட்ட நறுக்கினேன்;
முப்பது மெகாஹெர்ட்ஸில்
அரை அங்குலக் கம்பிக்கும் வாய் முளைத்துவிடும்.

ஒன்றும் மாட்டாமல் ஒரு முறை,
குறுக்கே கம்பி போட்டு ஒரு முறை,
தெரிந்த ஐம்பதை மாட்டி ஒரு முறை.
முள் பூஜ்யத்தில் படுத்தது.
பிறகு துள்ளியது.
டின்னில் என் முழங்கை.

இனி ஏரியல். நாற்பது மீட்டர் பட்டைக்கு
அறுபத்தாறு அடி கம்பி, நடுவில் கேபிள்.
ஒரு முனை எங்கள் தண்ணீர்த் தொட்டியில்.
மறுமுனைக்கு வாகாக இருந்தது
பக்கத்துத் தோப்பு அனுமந்தரெட்டியின் மரம் ஒன்றுதான்.
போய்க் கேட்டேன்.
கரண்ட் வருமா? வராதுங்க.
இடி இறங்குமா? மேகம் கட்டினா கழட்டிடுவேன்.
காய் கொட்டுமா? அதெப்படிங்க.
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"பாக்கலாம்."

என் மீட்டருக்கும் இதே குணம்.
மூன்று முனையில் வோல்ட் எடுத்துக் கணக்குப் போட்டால்
மறுப்பு எவ்வளவு என்று வந்துவிடும்.
எந்தப் பக்கத்து மறுப்பு என்று வராது.
கூட்டலா, கழித்தலா,
கம்பி நீளமா, குட்டையா.
அதற்கு ஒரு வழிதான் உண்டு:
அலைவெண்ணை ஒரு சிட்டிகை ஏற்றிப் பார்ப்பது.
மறுப்பும் கூடவே ஏறினால் நீளம்.
இறங்கினால் குட்டை.

மறுநாள் போய்ச் சொன்னேன்:
"தாழ்ந்த கிளையே போதுங்க,
உங்களுக்குச் சிரமம் வேணாம்."
"அதுல முசுறு கூடு கட்டியிருக்கு.
மேல கட்டு" என்றார்.
"ஏணி மாட்டுக்கொட்டாயில இருக்குது."

ஆறு புள்ளி எட்டு எட்டில் முள் தாழ்ந்தது.
நீளம்.
இருபுறமும் ஒவ்வொரு சாண் வெட்டினேன்.
ஏழு புள்ளி பூஜ்யம் ஆறு; அறுபத்திரண்டு ஓம்.
ஐம்பது வரவில்லை. விட்டுவிட்டேன்.
அன்றிரவு தார்வாடில் இருந்து ஒருவர்
என் பெயரைத் திருப்பிச் சொன்னார், தப்பாக.

ஜூன் மூன்றாம் வாரம் காய் பறித்தார்கள்.
பாரம் இறங்கிய கிளை நிமிர்ந்ததில்
கம்பி ஒன்றரை அடி மேலே போயிற்று.
மீட்டரில் அறுபத்தேழு.
நோட்டில் தேதி, அலைவெண், ஓம்;
குறிப்பு என்ற கட்டத்தில்
"அறுவடை" என்று எழுதினேன்.
அந்த மரத்துக் கூழும் ஒருவேளை
காலையில் என் கண்ணாடிக்கு வந்திருக்கலாம்.
லாரி எண்ணில் மரம் தெரியாது.

நேற்று முள் காரணமில்லாமல் நடுங்கியது.
மூடியைத் திறந்தேன்.
முப்பத்துமூன்றடி கம்பி நடந்து,
கேபிள் இறங்கி, சிவப்பாக ஒரு முசுறு,
நான்காவது கையில்.
எடுக்கப் போன விரலைக் கடித்தது.